பழைய காருக்கு இன்னும் செலவு செய்யலாமா, மாற்றிவிடலாமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பதினைந்து வருடக் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு, போர்மேன் நீட்டும் தாளைப் பார்க்கும்போது முதலில் வாயில் வருவது இந்தப் பழமொழிதான். நாலு அப்சோர்பர், மூன்று எஞ்சின் மவுண்டிங், லோவர் ஆர்ம், ஏர்கோண்ட் கம்ப்ரெசர், கியர் எண்ணெய் எல்லாம் சேர்த்து 3,400 வெள்ளி (ரிங்கிட்). வண்டியை இன்றைக்கு விற்றால் 9,000 கிடைக்கும். “ஒன்பதாயிரமே பெறும் வண்டிக்கு மூவாயிரத்து நானூறா?” என்று கோபம் வருகிறது. அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு ஷோரூமில் உட்கார்ந்து ஒன்பது வருட லோனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

பழமொழியில் தப்பில்லை. இந்த இடத்துக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். காரின் விற்பனை விலை அதை விற்பவருக்கு வேண்டிய கணக்கு. ஓட்டுகிறவருக்கு வேண்டிய கணக்கு வேறு: இந்த வண்டி இன்னும் ஒரு வருடம் என்னைச் சுமக்க எவ்வளவு கேட்கும், வேறொரு வண்டி அதே வேலைக்கு எவ்வளவு கேட்கும்? பழுதுச் செலவை இந்தக் காரின் விலையோடு ஒப்பிடாமல், அடுத்த காரின் வருடச் செலவோடு ஒப்பிட வேண்டும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன வண்டி 1.3 லிட்டர், கோலாலம்பூர் செந்தூலிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறது, வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றாக எடுக்க நினைப்பது 49,000 வெள்ளி புதுக் கார். பழையதைக் கொடுத்து 9,000 கழித்தால் லோன் 40,000. வட்டி ஃப்ளாட் ரேட்டில் 3.5%, ஏழு வருடம். தொகைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

வட்டி மட்டும் 40,000 × 3.5% × 7 = 9,800. மாதத் தவணை சுமார் 593. ஆனால் தவணை முழுவதையும் செலவு என்று சொல்ல முடியாது. ஏழு வருடம் கழித்து வண்டி உங்கள் கையில் இருக்கும், அதற்கும் ஒரு விலை உண்டு. அப்போது 24,000 பெறும் என்று வைத்தால், விலையில் தேய்ந்தது 25,000. அதோடு வட்டி 9,800 சேர்த்து 34,800. வருடத்துக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 4,970. புதுக் காருக்கு இன்சூரன்ஸ் கூட வரும். 450 அதிகம் என்று வைப்போம்.

மிச்சமாவது என்ன? பழையது லிட்டருக்கு 11 கிலோமீட்டர், புதியது 15 என்றால், வருடத்தில் 364 லிட்டர் குறையும். அரசாங்கத்தின் பூடி95 பெட்ரோல் சலுகை விலை 1.99 வெள்ளிக்குக் கணக்கிட்டால் 720 வெள்ளிதான். மாதம் அறுபது. “எண்ணெய்க் காசிலேயே தவணை கட்டிவிடலாம்” என்று விற்பனையாளர் சொன்னால் இந்த அறுபதை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் ஒரு 300 மிச்சம். பழைய காரும் வருடத்துக்கு ஒரு 800 மதிப்பிறங்கும், அதையும் கழிக்க வேண்டும்.

4,970 கூட்டல் 450, கழித்தல் 720, 300, 800. கிடைப்பது 3,600.

இந்த 3,600-தான் கோடு. வழக்கமான சர்வீஸுக்கு மேல், பழுதுச் செலவு வருடத்துக்குச் சராசரியாக 3,600-க்குள் இருந்தால் பழைய காரை வைத்துக்கொள்வது மலிவு. அதைத் தாண்டிக்கொண்டே போனால் மாற்றுவது மலிவு. அந்த 3,400 வெள்ளி ரசீது கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. அதோடு, அப்சோர்பரும் கம்ப்ரெசரும் அடுத்த வருடம் திரும்பக் கேட்காது. “சராசரியாக” என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது: ஒரு பெரிய ரசீதைப் பார்த்து முடிவு செய்யாமல், கடந்த 24 மாத ரசீதுகளைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். ரசீது வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லையென்றால் இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் உறையை டேஷ்போர்டில் போடுங்கள். விற்கும்போதும் அது உதவும்.

கையிலிருந்து போகும் பணம் இன்னொரு கணக்கு. உண்மைச் செலவு சமமாக இருந்தாலும், மாதம் 593 வெள்ளி தவறாமல் போகும். பட்டறைச் செலவை ஒரு மாதம் தள்ளிப் போடலாம், தவணையைத் தள்ளிப் போட முடியாது. வேலை உறுதியில்லாத வருடத்தில் இரண்டு கணக்கும் சமம் என்றால் பழையதை வைத்திருப்பதே நல்லது.

ரசீதை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லாப் பழுதும் ஒரே ஜாதி இல்லை. அப்சோர்பர், பிரேக் பேட், பேட்டரி, டயர், மவுண்டிங், டை ராட், வாட்டர் பம்ப் எல்லாம் தேயும் சாமான்கள். புதுக் காரிலும் தேயும். இவற்றுக்காகக் காரை மாற்றுவது செருப்பு தேய்ந்ததற்குக் காலை மாற்றுவது போல.

இரண்டாவது, ஒரே ஒரு பெரிய வேலை: கியர்பாக்ஸ் ஓவர்ஹால், ஹெட் கேஸ்கெட், ஏர்கோண்டை முழுதாக மாற்றுவது. இங்கேதான் நிதானம் வேண்டும். வண்டியின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் செய்யலாம். ஹாஃப்கட் கடையிலிருந்து (பழைய கார்ப் பாகங்கள் விற்கும் கடை) பழைய கியர்பாக்ஸ் எடுத்துப் போட்டால் பாதி விலைக்கு முடியும், ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. உத்தரவாதம் எத்தனை மாதம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. ஹாஃப்கட் எஞ்சினே போட்டால் எஞ்சின் எண் மாறிவிடும். அதைச் சோதனைக்குக் காட்டி ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பின்னால் பெயர் மாற்றும்போது சோதனையில் நின்றுவிடும்.

மூன்றாவது வகை, முடிவின் அறிகுறி. இதில் முதலாவது துரு. கதவோரத்தில் கொப்பளிக்கும் துரு அழகுக்குத்தான் குறை. ஜாக்கி வைக்கும் இடம், சக்கரத்துக்கு மேலுள்ள அப்சோர்பர் மேடை, பூட்டில் ஸ்பேர் டயருக்கு அடியில் இருக்கும் தரை, இவை மூன்றையும் பாருங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் “டங்” என்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டாலோ தகடு உள்ளே போனாலோ வண்டியின் எலும்பு போய்விட்டது. அதற்கு மேல் பணம் போடாதீர்கள். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபிரிங்கி பக்கம் கடலோரத்தில் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரம் வரும்.

இரண்டாவது, திரும்பத் திரும்பச் சூடேறுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நல்ல எஞ்சின்கள் பல இப்படித்தான் சாகின்றன. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறோம். அது எஞ்சினின் உள்வழிகளைத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருத்தூள் ரேடியேட்டரின் நுண் குழாய்களை அடைக்கிறது. சூடு ஏறுகிறது என்றதும் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “நம்ம நாட்டு வெயிலுக்கு இது எதுக்கு அண்ணே” என்பார்கள். மீட்டர் முள் இறங்கும், நோய் தீராது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகி பெட்ரோல் அதிகம் குடிக்கும். எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் இரண்டு மூன்று முறை கொதித்தால் வளைந்துவிடும்.

வளைந்ததா என்று நீங்களே பார்க்கலாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சின் எண்ணெய் மூடியின் அடியில் தேத்தாரே தேநீரின் நுரை மாதிரி படிந்திருந்தாலும், வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே சந்தேகம். வெளியில் சொட்டவே இல்லை, ஆனால் கூலண்ட் வாரா வாரம் குறைகிறது என்றாலும் அதே கதைதான்.

மூன்றாவது, வெள்ளத்தில் முங்கிய வண்டி. 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கமும் வந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் வயரிங் சாக்கெட்டுகளுக்குள் பச்சைப் பாசி போல உலோகம் அரித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஜன்னல், நாளைக்கு ஏபிஎஸ் விளக்கு, அடுத்த வாரம் ஸ்டார்ட்டே ஆகாது. இதற்கு முடிவே இல்லை.

பழுது எதுவும் இல்லாமலேயே மாற்ற வேண்டிய காரணமும் ஒன்று உண்டு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலையில் போகிற வண்டியில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லையென்றால், 3,600 கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்வது தப்பில்லை. ஏர்பேக் இருக்கும் பழைய காரென்றால், சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் போட்டு, தக்காதா ஏர்பேக் திரும்பப் பெறுதலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகை இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் பாகம்) பழசாகி வெடித்தால் உலோகத் துண்டுகள் சிதறும். மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. மாற்றித் தருவது இலவசம்.

இன்சூரன்ஸில் ஒளிந்திருக்கும் வயது

பழைய கார்க்காரர்கள் பலர் விபத்துக்குப் பிறகுதான் ‘பெட்டர்மெண்ட்’ என்ற சொல்லைக் கேள்விப்படுகிறார்கள். பழைய வண்டிக்குப் புதுச் சாமான் போட்டால் வண்டியின் தரம் உயர்கிறது, அதனால் அந்தச் சாமானின் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்பதே இது. ஐந்து வருட வண்டிக்கு 15%, பிறகு வருடத்துக்கு ஐந்து ஐந்தாக ஏறி, பத்து வருடமும் அதற்கு மேலும் 40%. ஹெட்லாம்பும் பம்பரும் 2,000 வெள்ளி என்றால் 800 உங்கள் பையிலிருந்து. இதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்பு சில நிறுவனங்களில் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். வெள்ளக் காப்பும் சாதாரண பாலிசியில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டி பதினைந்து வருடத்தை ஒட்டினால் முழுக் காப்பு தரத் தயங்கும் நிறுவனங்களும் உண்டு. உங்களுக்குக் கிடைப்பது தேர்ட் பார்ட்டி மட்டும் என்றாகிவிட்டால், மரம் விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் நட்டம் முழுக்க உங்களுடையது. அதைத் தாங்க 5,000 வெள்ளியாவது கையிருப்பு இல்லாதவர் அந்த வண்டியை நம்பி இருக்கக் கூடாது.

காரை மாற்றும்போது என்சிடியை, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியை, விட்டுவிடாதீர்கள். அது காருக்கு உரியதில்லை, ஆளுக்கு உரியது. முதல் வருடம் 25%, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் வருடம் 55% என்று ஏறியதைப் புதுக் காருக்குக் கொண்டுபோகலாம். ஒரு என்சிடி ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான். பழைய காரை விற்காமல் மகனுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், என்சிடியை உருவி எடுத்த பிறகு பழைய காரின் பாலிசிக்கு விட்டுப்போன தள்ளுபடியைக் கட்ட வேண்டி வரும். இதை ஏஜெண்டிடம் முன்கூட்டியே கேட்காமல், பெயர் மாற்றிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

மாற்றுவது என்று முடிவானால்

முதலில் எவ்வளவு என்பது, பிறகுதான் எந்தக் கார் என்பது. தவணை, இன்சூரன்ஸ், ரோட் டெக்ஸ், எண்ணெய், டோல், பார்க்கிங், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மூச்சு முட்டும். கையில் 4,000 வருகிறவருக்கு மொத்தம் 800. அதில் தவணைக்கு மிஞ்சுவது நானூற்றுச் சொச்சம்தான். இந்தக் கணக்கு சொல்லும் காரும் மனம் சொல்லும் காரும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

மாதத் தவணையைக் குறைக்க லோன் காலத்தை நீட்டுவது இங்கே எல்லோரும் செய்வது. அதே 40,000-ஐ ஒன்பது வருடத்துக்குப் போட்டால் தவணை 487 ஆகிறது. மாதம் 106 குறைகிறது, மொத்த வட்டி 2,800 கூடுகிறது. அதைவிடப் பெரிய தொந்தரவு, ஐந்தாம் ஆறாம் வருடத்தில் விற்க நேர்ந்தால் வங்கிக்குத் தர வேண்டியது வண்டியின் விலையைவிட அதிகமாக இருக்கக்கூடும். ஏழு வருடத்தில் கட்ட முடியாத காரை ஒன்பது வருடத்தில் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஃப்ளாட் ரேட் என்பது கண்கட்டு வித்தை. வட்டி எப்போதும் முதல் நாள் கடன் தொகையின் மேலேயே கணக்கிடப்படுகிறது, நீங்கள் பாதி கட்டி முடித்த பிறகும். அதனால் 3.5% என்று சொல்லப்படும் ஏழு வருட லோனின் உண்மையான வட்டி 6.5%-ஐ ஒட்டி நிற்கும். வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டு “கார் லோன் மலிவு” என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வங்கியானாலும் எஃபெக்டிவ் வட்டி எவ்வளவு என்றும், சீக்கிரமே முழுதாகக் கட்டி முடித்தால் எவ்வளவு கழியும் என்றும் கேளுங்கள்.

லோனுக்கு மனுப் போடும் முன் பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இலவசம்தான். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தக் கடனை எந்த மாதம் தாமதமாகக் கட்டினீர்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். வங்கி பார்ப்பதும் அதையேதான். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனால் நல்ல வட்டி கிடைக்க வாய்ப்பு கூடும். அந்த ஆறு மாதமும், வரப்போகும் தவணையை இப்போதே மாதா மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் வாங்கலாம், முன்பணமும் சேர்ந்துவிடும். மூன்றாவது மாதமே கை வைத்துவிட்டால் பதில் தெரிந்துவிட்டது.

புதுசா, செகண்ட் ஹேண்டா? குறைந்த விலைப் புதுக் காருக்கும் நான்கு வருடப் பழைய காருக்கும் விலை வித்தியாசம் சில மாடல்களில் வியக்கும்படிச் சின்னதாக இருக்கும். பெரோடுவா கார்கள் விலை இறங்குவது மெதுவாக என்பதால், பழைய மைவிக்குக் கேட்கும் விலையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது ஆக்சியா வந்துவிடும் என்ற நிலை உண்டு. 2023-இல் ஆக்சியாவின் அடிப்படை மேனுவல் வகை 22,000 வெள்ளிக்கு வந்தது. செகண்ட் ஹேண்டுக்கு வட்டியும் பொதுவாக அதிகம். எனவே சின்னக் கார் வேண்டுமென்றால் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் பெரிய செடான் வேண்டுமென்றால் முதல் உரிமையாளர் நான்கைந்து வருடம் ஓட்டிய வண்டிதான் லாபம், பெரிய மதிப்பிறக்கத்தை அவர் தாங்கிவிட்டார்.

மலிவாகத் தெரியும் பெரிய பழைய காரிடம் ஜாக்கிரதை. யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி யார் போடுவது? ரோட் டெக்ஸையே எடுங்கள்: 1.5 லிட்டருக்கு 90 வெள்ளி, 1,998 சிசிக்கு 379, 2,362 சிசிக்கு 742. டயர், பிரேக் செலவும் ஏறும்.

20 வருடம் தாண்டிய காரை அழிப்புக்குக் கொடுத்துவிட்டுப் புது புரோட்டான் அல்லது பெரோடுவா எடுப்பவர்களுக்கு 4,000 வெள்ளி வரை உதவித்தொகை என்று 2026 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு அளவானது, எனவே ஷோரூமில் உறுதிசெய்த பிறகு பழைய வண்டியைத் தொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இரண்டு கார் இருந்து, பழையது ஒருவரை எல்ஆர்டி நிலையம் வரை கொண்டுபோய் விடத்தான் பயன்படுகிறது என்றால், அதை மாற்றவே வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் போக்குவரத்துக்கான மாதம் 50 வெள்ளி மை50 அட்டையும் அவ்வப்போது கிராப்பும் எந்தத் தவணையையும்விடக் குறைவு.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது கண் எங்கே போக வேண்டும்

வெயிலில் பாருங்கள், மழையிலும் இரவிலும் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது வருவதாகச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது தெரியும் கோளாறு எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்று வரியோ ஊத்தை நாற்றமோ இருந்தால் வெள்ளத்து வண்டி. மேலே கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை. முன் சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் போல்ட் துருப்பிடிக்க வேறு காரணம் அதிகம் இல்லை. ஃபெண்டர், பானெட் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் கீறியிருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. எதற்கு என்று கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், டயர் தயாரான தேதி அது. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். “40,000 கிலோமீட்டர்தான் ஓடியது” என்று மீட்டர் சொல்லி, ஸ்டீயரிங் தோல் மழமழவென்று தேய்ந்து, பிரேக் பெடல் ரப்பர் ஓரம் வழுவழுப்பாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள், சர்வீஸ் நிலையத்துக்கே போன் செய்து கடைசியாகப் பதிந்த கிலோமீட்டரைக் கேட்பது இன்னும் நல்லது. கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைக்கும்போது டயரைக் குனிந்து பார்த்துப் பயனில்லை.

ஓட்டிப் பார்க்கச் சமதளம் போதாது. பினாங்கில் பாயா தெருபோங் ஏற்றம், கோலாலம்பூரில் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை. ஏர்கோண்டைப் போட்டே ஏற்றுங்கள். வெப்ப மீட்டர் முள் அசையக் கூடாது. ஆட்டோ கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பி-யிலிருந்து டி-க்கு மாற்றினால் ஒரு வினாடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று வினாடி யோசித்து “டக்” என்று இடித்தால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

காகிதத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. தவணையை நீங்கள் தொடருங்கள், பெயர் பிறகு மாறும் என்ற ‘சம்போங் பாயார்’ வேண்டவே வேண்டாம். வங்கியின் சம்மதம் இல்லாத அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லாது. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி வேறொருவர் பெயரில்தான் இருக்கும், அவர் நினைத்தால் இழுவை வண்டி உங்கள் வாசலுக்கு வரும். இரண்டாவது, முன்பணமே இல்லாமல் வாங்க விலையை ஏற்றி எழுதித் தருகிறேன் என்பவர். ஏற்றிய விலைக்கு வட்டி கட்டப் போவது நீங்கள். மூன்றாவது, புக்கிங் பணம். வாடகைக் கொள்முதல் சட்டப்படி அது ரொக்க விலையில் 1%-ஐத் தாண்டக் கூடாது. 40,000 வெள்ளி வண்டிக்கு 400. ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள், அதன் பிறகு அவர் பேசும் குரலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

பழையதைக் கை மாற்றும்போது

விலையை மூன்று இடத்தில் கேளுங்கள்: புதுக் கார் ஷோரூமின் டிரேட்-இன், இணையவழிக் கார் வாங்கும் நிறுவனம், பேட்டைக் கடை. நீங்களே விளம்பரம் போட்டு நேரடியாக விற்றால் பொதுவாகக் கூடக் கிடைக்கும், அலைச்சலும் கூட. டிரேட்-இன்னில் ஒரு தந்திரம் உண்டு: பழைய காருக்கு ஆயிரம் கூடத் தருவது போலக் காட்டி, புதுக் காரின் கழிவில் ஆயிரத்தைக் குறைத்துவிடுவார்கள். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

விற்பதற்காகப் பெரிய பழுது எதையும் பார்க்க வேண்டாம், போட்ட காசு திரும்பாது. கழுவி, உள்ளே சுத்தம் செய்து, எரியாத பல்புகளை மாற்றினால் போதும். லோன் பாக்கி இருந்தால் வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் வாங்குங்கள். சம்மன் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் தடைபடலாம், முதலில் தீருங்கள். பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வண்டிச் சோதனை வேண்டும், வாங்குபவர் லோன் போட்டால் பி7 சோதனையும் சேரும். கண்ணாடியில் ஒட்டிய கருப்பு டிண்ட், மாற்றிய எக்ஸாஸ்ட், படிக்க முடியாத சேசிஸ் எண் இவற்றால் சோதனையில் திரும்பி வரும் வண்டிகள் நிறைய.

“நாளைக்குப் பெயர் மாற்றிக்கொள்கிறேன்” என்பவருக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். கெரான் (வண்டிப் பதிவுச் சான்று) உங்கள் பெயரில் இருக்கும் வரை அவர் வாங்கும் சம்மனும் செய்யும் விபத்தும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். இரும்புக் கடைக்குப் போட்டாலும் இதே கதைதான்: ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்யாமல் வண்டியை மட்டும் கொடுத்தால், உங்கள் எண் பலகை வேறு வண்டியில் ஏறி ஊர் சுற்றலாம்.

பெயர் மாறிய அன்று மைஜேபிஜே செயலியைத் திறந்து, உங்கள் வண்டிப் பட்டியலிலிருந்து அந்த எண் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மிச்ச மாதங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். டேஷ்கேம் அட்டையைக் கழற்றுங்கள், ரேடியோவில் இணைத்திருந்த கைபேசியை அழியுங்கள். ஹெட்லாம்பிலோ கண்ணாடியிலோ ஒட்டிய டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடி ஒட்டியைச் செயலியில் நிறுத்திவிட்டு உரித்தெடுங்கள். மறந்தால், புது உரிமையாளர் பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் டோல் உங்கள் கணக்கில் கழியும்.